அப்பம் பாலிக் பிறந்த கதை

மலேசியாவில் புக்கிட் செந்தோசா பக்கம் எந்தப் பாசார் மாலாமுக்குப் (இரவுச் சந்தைக்கு) போனாலும் அப்பம் பாலிக் கடையில் ஆள் நிற்கும். கனத்த வட்டச் சட்டியில் மாவை ஊற்றுவார்கள். குமிழி விட்டதும் சீனி, பொடித்த வறுகடலை, டின் சோளம் தூவி மூடி போடுவார்கள். வெந்ததும் வெண்ணெய் தடவி இரண்டாக மடித்துக் கையில் கொடுப்பார்கள். இதை மலாய்ப் பலகாரம் என்பவர்களும் உண்டு, சீனப் பலகாரம் என்பவர்களும் உண்டு. இது பிறந்த கதையைக் கேட்டால், தமிழர்களான நமக்கும் இது அன்னியமில்லை என்பது தெரியும்.

தென் சீனாவின் ஃபூஜியானிலிருந்து வந்த ஹொக்கியான் மக்களிடம் இதைப் பற்றி ஒரு கதை உண்டு. 1855ஆம் ஆண்டு, சீனாவில் தைப்பிங் கலகத்தை அடக்கப் படை நடத்திய சோ சோங்தாங் என்ற தளபதி, வீரர்களின் பசியைத் தீர்க்க வேண்டும், ஊர் மக்களின் அரிசியிலும் கை வைக்கக் கூடாது என்று நினைத்தாராம். வடக்கே வெங்காயத்தாளும் மிளகாயும் வைத்துத் தின்னும் ரொட்டியை எடுத்து, ஃபூஜியானில் தாராளமாக விளைந்த சீனியையும் கடலையையும் அதற்குள் வைக்கச் சொன்னாராம். கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1855இல் அவர் ஹூனான் மாநில ஆளுநரின் ஆலோசகர். ஃபூஜியானுக்கும் செஜியாங்குக்கும் தலைமை ஆளுநரானது 1863இல்தான். ஆண்டு பொருந்தவில்லை என்றாலும் கதைக்குள் ஒரு உண்மை இருக்கிறது: இது கையில் கிடைத்ததை வைத்துப் பசியாற்றப் பிறந்த பண்டம்.

உள்ளே வைக்கும் கடலையும் சீனாவுக்குப் புதிதாக வந்ததுதான். தென் அமெரிக்கச் செடியான அது, ஐரோப்பியர் கடல் வணிகம் தொடங்கிய பிறகே சீனக் கரையில் வேர் பிடித்தது. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஃபூஜியான் மக்களோடு இந்த அப்பம் தெற்கே வந்தது. பினாங்கில் பான் சாங் குவே, சிங்கப்பூரில் மின் ஜியாங் குவே, ஈயம் தோண்டிய இந்தோனேசியாவின் பங்கா தீவில் ஹோக் லோ பான் என்று ஊருக்கு ஒரு பெயர் எடுத்தது. இங்கே பல கைகளில் தேங்காய்ப்பால் சேர்ந்தது. டின் சோளம் அதற்கும் பிறகு வந்தது.

அப்பத்தை உப்ப வைக்கப் புளித்த மாவும் காரநீரும் செய்த வேலையை ஆப்ப சோடா எளிதாக்கியது. 1861இல் பெல்ஜியத்து எர்னஸ்ட் சோல்வே காப்புரிமை பெற்ற முறையால் சோடா மலிவாகி, சாதாரண அடுப்படிக்கும் வந்து சேர்ந்தது. சூடு பட்டதும் சோடாவிலிருந்து கரியமில வாயு கிளம்பி, மாவைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து, சிறு சிறு கண்களை விடும். திருப்பிப் போட்டால் அந்தக் கண்கள் அடைந்துபோகும். அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து, மேல்பக்கத்தை மூடியின் ஆவியில் விடுகிறார்கள். உருகிய வெண்ணெயும் சீனியும் இறங்குவது அந்தக் கண்கள் வழியாகத்தான்.

இந்தப் பக்குவம் நமக்குப் புதிதா என்ன? கள் விட்டுப் புளிக்க வைத்து, தேங்காய்ப்பால் சேர்த்து, மூடி போட்டு, திருப்பாமல் எடுக்கும் ஆப்பம் நம் பாட்டிமார் கைவேலை. அரிசி ஊறவைத்து ஆட்ட நேரமில்லாத நாளில் கோதுமை மாவைக் கரைத்துத் தோசை சுட்டதும் தோட்டத்து லயங்களில் வழக்கம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயம் விட்டுத் தாமானுக்குக் குடிவந்த குடும்பங்களும் தோசைக்கல்லை விட்டுவிட்டு வரவில்லை. அப்பம் பாலிக்கை வீட்டில் சுட அந்தக் கல்லும் ஒரு மூடியும் போதும்.

ஒரு கப் கோதுமை மாவு, ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு. தண்ணீர் கலந்த தேங்காய்ப்பால் முக்கால் கப் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து அரை மணி நேரம் வையுங்கள். கல்லை மிதமாகக் காயவிட்டு, தீயைக் குறைத்து ஊற்றுங்கள். மொறுமொறுப்பு வேண்டுமானால் மெல்லியதாக இழுத்துவிடுங்கள். மெத்தென்று வேண்டுமானால் இழுக்க வேண்டாம். கண் விட்ட பிறகே கடலையும் சீனியும் தூவுங்கள். முன்னாலேயே தூவினால் பாரத்தில் மாவு எழும்பாது. மூடி வைத்து, மேலே ஈரம் காய்ந்ததும் வெண்ணெய் தடவி மடியுங்கள்.

மலேசியாவின் தேசிய மரபுடைமைத் துறை அப்பம் பாலிக்கை மரபு உணவுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியல் ஒரு பண்டத்தின் பெயரைக் காக்கும். பக்குவத்தைக் காப்பது வீட்டு அடுப்புத்தான். போன இடமெல்லாம் அந்தந்த ஊரார் கைப்பொருளைச் சேர்த்ததால்தான் இது இத்தனை தூரம் வந்தது. வெல்லமும் ஏலக்காயும் துருவிய தேங்காயும் வைத்து நாமும் மடிப்போம். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, கண் விடும் நேரத்தை அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்வோம்.