நன்னடத்தை

'புரொபேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குச் சோதித்துப் பார்த்தல் என்று பொருள். நாம் 'நன்னடத்தை' என்றோம். இதன் வேர் 'நட'. நட, நடை, நடத்தை. முன்னால் 'நல்' சேர்ந்தால் நன்னடத்தை. காலால் நடப்பதும் நடை, வாழும் முறையும் நடை. 'ஒழுக்கம்'கூட 'ஒழுகு' என்ற ஓட்டத்தில் பிறந்ததுதான். நின்றுவிட்டவனுக்கு இந்தச் சொற்களில் இடமே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி, தவறு செய்த சிறாரைச் சமூக சேவை செய்யச் சொல்லலாம். பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தையில் விடலாம். உத்தரவிடுவது இளைஞர் நீதிக் குழுமம்.

கொல்லிமலை திருப்புலி நாட்டுப் பையன் ஒருவனுக்கு இப்படிச் சமூக சேவை செய்ய உத்தரவானதாக வைத்துக்கொள்வோம். மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு முறையும் அவனைக் கீழே நாமக்கல்லுக்கு இழுப்பதைவிட, சேவையைச் சொந்த ஊரிலேயே தருவதுதான் சரி. பள்ளிக்கூட வேலியைக் கட்டட்டும், மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றட்டும். மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே, தெரிந்த முகங்களைக் கடந்து, காலையில் அவன் வேலைக்கு நடந்து போகட்டும்.