குளியாளியின் பங்கு

தூத்துக்குடிப் பார்களில் (முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில்) 1928இல் நின்ற முத்துக்குளிப்பு 1955இல்தான் மறுபடி நடந்தது. இடையில் 27 ஆண்டுகள். ஒரு தலைமுறையே முத்துச்சிப்பியைத் தொடாமல் வளர்ந்துவிட்ட பிறகு, மூச்சடக்கிப் பாரில் இறங்க ஆள் எங்கிருந்து கிடைத்தது? சங்கிலிருந்து. முத்து கண்ணாமூச்சி ஆடிய காலத்திலும் அரசின் ஏகபோகமான சங்குகுளிப்பு பருவந்தோறும் நடந்துகொண்டிருந்தது. குளியாளிக்குச் சங்கின் எண்ணிக்கைப்படி கூலி. கரைக்கு வந்த சங்கை அளவு வளையத்தில் விட்டுப் பார்ப்பார்கள். 2¼ அங்குல வளையத்துக்குள் நுழைந்து விழுந்தால் அது கடலுக்கே திரும்பும். அதற்குக் கூலி இல்லை. அனுபவசாலிக்கும் நேற்று வந்த பையனுக்கும் ஒரே வளையம். சிறுசை அள்ளி வந்தால் மூச்சுதான் வீண் என்பதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்று கல்லூரி மாணவர்களின் இன்டர்ன்ஷிப் பற்றிப் பேச்செடுத்தால், எத்தனை பேருக்கு இடம் என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. 2024 மத்திய பட்ஜெட்டில் வந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும் ஐந்தாண்டில் ஒரு கோடிப் பேர் என்றே கணக்குச் சொன்னது. எண்ணிக்கை வேண்டியதுதான். ஆனால் இந்தக் கரையின் வரலாறு வேறொன்றையும் கேட்க வைக்கிறது: கற்க வந்தவருக்கு நிஜமான வேலையும் அதன் பலனில் பங்கும் உண்டா? முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு, மீதி அரசுக்கு. தோணியில் கயிறு பிடித்து நிற்பவரின் கூலியும் குளியாளியின் பங்கிலிருந்துதான். கீழே இருப்பவரின் உயிர் மேலே இருப்பவரின் கையில் இருந்ததால், ஒப்புக்கு ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திவைக்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அந்த ஏற்பாட்டைப் போற்றிப் பாட முடியாது என்பார்கள், சரிதான். தகப்பன், மாமன் பின்னால் போனவருக்கே கடல் திறந்தது. பெரும்பாலும் பரதவர், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்கள் என்று சில சமூகங்களுக்குள்ளேயே அது நின்றது. பெண்களுக்கு இடமே இல்லை. இந்தக் குறைக்கு விடையும் தூத்துக்குடியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1906 அக்டோபரில் பதிவான வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி வெள்ளையர் கப்பலோடு போட்டி போட்டதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் நோக்க விதிகளை அவ்வளவாக யாரும் புரட்டுவதில்லை. இந்தியர், இலங்கையர் முதலான ஆசிய மக்களை வேலைக்கு வைத்து, கப்பலோட்டப் பழக்கி, லாபத்தை அவர்கள் அனுபவிக்கச் செய்வது ஒரு நோக்கம். பட்டறையும் பள்ளியும் கல்லூரியும் வைத்து, கப்பல் ஓட்டவும் கட்டவும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. பயிற்சியையும் லாபத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்த அந்த விதிகளில் குலம் கேட்கப்படவில்லை.

அது ஏட்டோடு போயிற்றே என்று கேட்கலாம். போயிற்று. கட்டணப் போட்டி கழுத்தை நெரித்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனியே கலைந்தது. வேலை நிற்கும் இடத்தில் பயிற்சியும் நின்றுவிடும் என்பதற்கு இதுவே சாட்சி. சங்கு ஓடியது, குளியாளிகள் தேறினார்கள். கப்பல் நின்றது, மாலுமிப் பள்ளி பிறக்கவே இல்லை.

கையில் காசு புரளாத சிறு நிறுவனம் பயிற்சிக்கு எப்படிப் பணம் தரும் என்பது இன்னொரு ஆட்சேபம். கடைசி முத்துக்குளிப்பு முடிந்த அதே 1961இல் வந்த அப்ரண்டிஸ் சட்டம் உதவித்தொகையைக் கட்டாயமாக்கியது; 1973இல் பொறியியல் பட்டதாரிகளும் அதற்குள் வந்தார்கள். தேசிய தொழிற்பழகுநர் திட்டத்தில் பட்டதாரிக்கும் டிப்ளமோக்காரருக்கும் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஈடுகட்டுகிறது. ஆக, காசில்லை என்பது பாதிக் காரணம்தான். படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மாதம் கப்பல் முகவர் அலுவலகத்துக்கு வரும் மாணவருக்கு ஜெராக்ஸ் எடுக்கும் வேலையைத் தருவதற்குப் பதிலாக, ஒரு கன்டெய்னரின் சரக்குப் பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பைத் தரலாம். தவறு இருந்தால் மேலாளர் திருத்திக்கொள்வார். சரியாக முடித்த பட்டியலுக்கு, சங்குக்குக் கொடுத்த மாதிரி, எண்ணிக் கூலியும் கொடுக்கலாம்.