வல்லார்பாடத்தில் அடியும் மீட்டரும்

அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எவ்வெழுத்துக்களை முதலாகக் கொண்டு வரும் என்பதற்குத் தொல்காப்பியம் ஒன்பது எழுத்துக்களை வரையறுத்துக் கூறுகின்றது. இன்றைய சொற்களை அவ்விதியின் முன் நிறுத்தினால் கிலோகிராமும் மீட்டரும் தேறுகின்றன. லிட்டரும் டன்னும் வெளியே நிற்கின்றன! அடிக்கும் சென்ட்டுக்கும் தடையில்லை. இது விளையாட்டாகச் சொன்னது. ஆயின், சட்டம் விடை கொடுத்த பின்னரும் அடியும் சென்ட்டும் நம் வாழ்வை விட்டு அகலவில்லை என்பது விளையாட்டன்று.

பதினாறு அணா, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தம்பிடி என்றிருந்த ரூபாய் 1957 ஏப்ரல் முதல் நாளில் நூறு புதுக்காசாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு நிறைவேறிய எடை அளவுத் தரச் சட்டம் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. மட்டாஞ்சேரிக் கடைகளில் ராத்தலும் துலாமும் இறங்கிக் கிலோவும் குவிண்டாலும் ஏறின. தமிழ்நாட்டிலிருந்து இங்குக் குடியேறிய குடும்பங்களுக்கு இஃது ஒருவகையில் நன்மையே. நாழி என்னும் சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. நம் பழைய வாய்பாட்டில் எட்டு நாழி ஒரு குறுணி. இங்கோ நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. அரிசி வாங்கப் போன பெண்டிர் சொல்லை நம்பினால் ஏமாற வேண்டியதுதான். கிலோ அந்த மயக்கத்தைத் தீர்த்தது.

எடை இவ்வளவு விரைவில் மாறியமைக்குக் காரணம் உண்டு. தராசு இருக்கக் கல்லை மட்டும் மாற்றினால் போதும். பாதையும் பெட்டியும் மனையும் அப்படியல்ல. அவை முன்னரே ஓர் அளவில் அமைந்துவிட்டவை. வல்லார்பாடத் தீவுக்குச் சென்று பார்ப்போர்க்கு இது கண்கூடு.

நம் நாடாளுமன்றம் மீட்டருக்குச் சட்டம் இயற்றிய அதே 1956இல்தான், ஏப்ரல் 26ஆம் நாள், மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கரின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 கொள்கலப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அப்பெட்டி பின்னர் உலகத் தரமானபோது இருபதடி, நாற்பதடி என்றே நிலைபெற்றது. கொச்சித் துறைமுகம் கொள்கலத்தை முதன்முதற் கையாண்டது 1973இல். வல்லார்பாடம் முனையம் 2011 பிப்ரவரி 11 அன்று திறக்கப்பட்டது. அங்கே கப்பல் மிதக்கும் ஆழம் மீட்டரில், சரக்கின் எடை டன்னில், பெட்டியின் நீளமோ அடியில். இருபதடிப் பெட்டி மெய்யாகவே இருபதடியும் அன்று; 6.058 மீட்டர், அதாவது ஒன்றரை அங்குலம் குறைவு. இரண்டை அடுத்தடுத்து வைத்தால் இடையே மூன்று அங்குல வெளி விட்டு நாற்பதடிக்குப் பொருந்தவேண்டும் என்பதே காரணம். நாற்பதடிப் பெட்டியின் எடை வரம்பும் நெடுங்காலம் 30,480 கிலோ. எங்கிருந்து வந்தது இந்த எண் என்று வியக்க வேண்டா. முப்பது ஆங்கில டன் கிலோவுடை உடுத்தி நிற்கிறது, அவ்வளவே.

இருப்புப் பாதையின் கதை இன்னும் சுவையானது. ஷொர்ணூரிலிருந்து 1902இல் கொச்சிக்கு வந்த முதற் பாதை மீட்டர் பாதையே. 1930களில் அதனைப் பெயர்த்து, 5 அடி 6 அங்குல அகலப் பாதையாக்கினர். மீட்டரிலிருந்து அடிக்குத் திரும்பிய பாதை! இன்று இடப்பள்ளியிலிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து, 4.62 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தின்மேல் வல்லார்பாடம் செல்லும் பாதையும் அதே அகலந்தான். ஏட்டில் 1,676 மில்லிமீட்டர் என்று எழுதிக்கொள்கிறோம்.

இம்முனையத்திற்குச் சாலையும் இருப்புப் பாதையும் அமைக்க 2008இல் மூலம்பிள்ளி முதலிய இடங்களில் 316 குடும்பங்கள் வீடும் மனையும் இழந்தன. அவர்களுக்கு உரைக்கப்பட்ட மறுவாழ்வு மனைகள் சென்ட் கணக்கிலேயே பேசப்பட்டன. ஏக்கரின் நூற்றில் ஒரு பங்கான சென்ட், வீடிழந்தவனுக்கு வெறும் பழைய அளவன்று. அவன் கண்ணால் கண்டு காலால் அளக்கக்கூடிய நிலம். ஆர் என்றால் அவன் மனத்தில் எந்த வேலியும் தோன்றுவதில்லை.

நம் குடும்பங்களிலும் சென்னையில் ஒரு கிரவுண்ட் விற்று இங்கே மனை வாங்குவோர் உளர். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஏறத்தாழ ஐந்தரை சென்ட். இங்கே ஐந்து சென்ட் வாங்கினால் வரி இரசீதில் 2.02 ஆர் என்றிருக்கும். எண் சிறுத்துவிட்டதே என்று அஞ்சும் பெரியோரைத் தேற்றுவது எளிது. தரகர் வாய்ச்சொல்லில் அரை சென்ட் கூடியிருந்தால் அதனைக் கண்டுபிடிப்பது எளிதன்று. அரை சென்ட் என்பது 218 சதுர அடி: ஓர் அறையும் அடுக்களையும். கையெழுத்திடுமுன் ஆரை 2.47ஆல் பெருக்கிச் சென்ட்டாக்கிப் பார்த்துக்கொள்வதில் தாள் ஒன்றும் செலவாகிவிடாது.