பாலும் உறையும்: கோலா சிலாங்கூர்த் தோட்டங்களில் வேதியியலின் அடிப்படைக் கருத்துகள்

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்ட வரலாற்றை எழுதப் புகுவோர் குடியேற்றம், கூலி, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, கோயில் ஆகிய தலைப்புகளின்கீழ்ச் செய்திகளைத் தொகுப்பது வழக்கம். அத்தலைப்புகள் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், நம் முன்னோர் நாள்தோறும் கையாண்ட பொருள்களைப் பற்றி அவர்கள் எத்தகைய அறிவைப் பெற்றிருந்தனர் என்னும் வினா இத்தலைப்புகளுள் எதிலும் முழுமையாக அடங்குவதில்லை. தோட்டத் தொழிலாளி உடலுழைப்பை மட்டுமே நல்கினார். அறிவு வெள்ளைத் துரைமாரிடமும் ஆய்வுக்கூடத்திலும் இருந்தது என்னும் எண்ணம் நம்மிடையேயும் வேரூன்றியுள்ளது.

பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வேதியியலின் தொடக்கப் பாடங்களாகக் கற்பிக்கப்படும் அமிலம், காரம், செறிவு, வினைவேகம் ஆகிய கருத்துகள் கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் எவ்வாறு செயல்வடிவம் பெற்றிருந்தன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. அவ்வறிவு தொழிலாளரின் கையில் இருந்தும், அதன் பெயரும் எண்ணும் அவர்களுக்கு எட்டாமற் போயின என்பதே இங்கு நாம் நிறுவ விழையும் கருத்தாகும்.

வட்டாரமும் பயிரும்

சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த கோலா சிலாங்கூர், சிலாங்கூர் சுல்தான்களின் பழைய இருக்கையாகத் திகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பருக்கு உலகச் சந்தையில் தேவை பெருகியபோது, ஆற்றின் இருபுறத்துக் காடுகளும் தோட்டங்களாயின. புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களிலும், வடசிலாங்கூரின் பிற பகுதிகளிலும் தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் குடியேறினர். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வாயிலாக அவர்கள் அழைத்து வரப்பட்டனர். 1938ஆம் ஆண்டில் உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடைசெய்யும்வரை இவ்வோட்டம் ஏற்றத்தாழ்வுகளோடு தொடர்ந்தது.

இவ்வட்டாரம் மற்றொரு வகையிலும் சிறப்புடையது. 1905இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஆன்றி ஃபோக்கோன்னியே, சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங் என்னுமிடத்தில் தோட்டம் அமைத்தார். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தென்னமரம் தோட்டத்தில் அவர் நிறுவினார். அத்தோட்டத்தின் பெயர் தமிழ்ச்சொல்லே என்பது கருதத்தக்கது. பின்னாளில் இவர் தோட்ட வாழ்வைப் பின்னணியாகக் கொண்டு எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. ஆக, இரப்பர், செம்பனை ஆகிய இரு பயிர்களின் வேதியியலையும் ஒரே வட்டாரத்தில் வைத்துக் காண இங்கு இடமுண்டு.

அமிலமும் காரமும்: உறைதலின் இயல்பு

மரத்திலிருந்து வடியும் வெண்ணிற நீர்மத்தைத் தமிழர் 'பால்' என்றனர். மரம் பால்மரமாயிற்று, தொழில் பால் வெட்டாயிற்று. இப்பெயரீடு நிறத்தின் ஒப்புமையால் மட்டும் அமைந்ததாகத் தோன்றலாம். ஆனால், வேதியியல் நோக்கிலும் அது பொருத்தமுடையதே. பசும்பாலும் இரப்பர்ப்பாலும் கூழ்மங்கள் என்னும் ஒரே வகையைச் சார்ந்தவை. கரையாத நுண்துகள்கள் நீரில் பரவி மிதக்கும் நிலையே கூழ்மம் எனப்படும். பசும்பாலில் கொழுப்பும் கேசீன் என்னும் புரதமும் துகள்களாய் உள்ளன. இரப்பர்ப்பாலில் புரதமும் கொழுப்புப் பொருள்களும் போர்த்திய இரப்பர்த் துகள்கள் உள்ளன. இத்துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் ஆதலின் துகள்கள் ஒட்டாமல் நிற்கின்றன.

அமிலம் சேரும்போது இந்த விலக்கம் குறைகிறது. புதிதாய் வடித்த இரப்பர்ப்பாலின் அமிலத்தன்மைக் குறியீடு, நடுநிலையான 7க்குச் சற்றுக் கீழே நிற்கும். அது 5க்கும் கீழே இறங்கும்போது துகள்கள் மின்னூட்டம் இழந்து ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகின்றன. பசும்பால் தயிராவதும் இவ்வகையிலேயே நிகழ்கிறது. உறைமோரிலுள்ள நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன, குறியீடு 4.6ஐ அணுகும்போது கேசீன் திரள்கிறது. லயத்து வீட்டில் இரவு உறை ஊற்றிய தாயும், மறுநாள் தோட்டத்துத் தொழிற்கூடத்தில் தொட்டிப் பாலில் அமிலம் கலந்த தொழிலாளியும் ஒரே விதியையே பயன்படுத்தினர்.

தொடக்கத்தில் புளிக்காடியின் அமிலமாகிய அசிட்டிக் அமிலமும், பின்னர்ப் பார்மிக் அமிலமும் இதற்குப் பயன்பட்டன. பார்மிக் அமிலம் எறும்பிலிருந்து பெயர் பெற்றது. 1671இல் ஆங்கிலேய அறிஞர் ஜான் ரே எறும்புகளைக் காய்ச்சி வடித்து இதனைப் பிரித்தெடுத்தார். எறும்புக் கடியின் எரிச்சலை அறிந்த தொழிலாளிக்கு, 'ஆசிட்' கையில் பட்டால் விளையும் புண்ணின் மூலத்தை எவரேனும் இவ்வாறு எடுத்துரைத்திருந்தால் எளிதில் விளங்கியிருக்கும்.

அமிலத்தை நேரே ஊற்றினால் பால் ஓரிடத்தில் மட்டும் திடுமெனத் திரளும். எனவே பாலையும் நீர்த்து, அமிலத்தையும் நீர்த்து, சீராகக் கலக்கி, நுரையை வழித்தெடுத்து, தகடுகளைச் செருகி விடுதல் வேண்டும். மாறாக, பால் உரிய காலத்துக்கு முன்னரே திரளாமல் தடுக்க அம்மோனியா இடப்பட்டது. அம்மோனியா காரம், அமிலத்தை நடுநிலையாக்குவது. ஆகவே உறையச் செய்ய அமிலம், உறையாமற் காக்கக் காரம் என்னும் அடிப்படை வேதியியல் தத்துவம் தோட்டத்தின் அன்றாட ஒழுங்காகவே இருந்தது. மங்கில் எஞ்சிய பால் இரவில் தானே கட்டிப்பால் ஆவதும், வெட்டுக்கோட்டில் ஒட்டுப்பால் காய்ந்து நிற்பதும் தொழிலாளருக்குப் பழக்கமானவை. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலமே மங்கில் உறை ஊற்றும் வேலையைச் செய்கிறது.

செறிவு: கூலியின் அளவுகோல்

அடிப்படைக் கருத்துகளுள் தொழிலாளரின் வாழ்வை நேரடியாகத் தொட்டது செறிவு என்பதாகும். மரத்திலிருந்து வரும் பாலில் பெரும்பகுதி நீரே. உலர்ந்த இரப்பர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மட்டுமே; மரத்தின் இனம், பருவம், மழை, வெட்டும் முறை ஆகியவற்றுக்கேற்ப இது கூடும் குறையும். தோட்ட நிருவாகம் விற்றது உலர்ந்த இரப்பரை. தொழிலாளி சுமந்து வந்தது பாலை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கணக்கே செறிவு.

எடுத்துக்காட்டாக, 10 லிட்டர் பாலில் லிட்டருக்கு 350 கிராம் உலர் இரப்பர் இருப்பின் மொத்தம் 3.5 கிலோகிராம். அதில் 4 லிட்டர் மழைநீர் சேர்ந்தால் கொள்ளளவு 14 லிட்டராகும். செறிவோ லிட்டருக்கு 250 கிராமாகக் குறையும். இரண்டையும் பெருக்கினால் வருவது அதே 3.5 கிலோகிராம்தான். நீர் சேர்வதால் பொருளின் நிறை மாறுவதில்லை என்பது வேதியியல் மாணவர் முதலில் பயிலும் பாடங்களுள் ஒன்று. கொள்ளளவும் செறிவும் சரியாக அளக்கப்படுமாயின், வாளியில் மழைநீர் சேர்ந்ததற்காகத் தொழிலாளியைக் குறைகூற இடமே இல்லை.

செறிவை அளக்க மெட்ரோலாக் என்னும் திரவமானி பயன்பட்டது. இரப்பரின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 0.92, அதைச் சூழ்ந்த நீர்மத்தினது ஏறத்தாழ 1.02. எனவே இரப்பர் மிகுந்த பாலின் அடர்த்தி குறைவாக இருக்கும். அதில் மானி ஆழமாக அமிழும். இரப்பர் குறைந்த பாலில் மானி உயர்ந்து நிற்கும். அதன் தண்டிலுள்ள கோட்டைப் படித்துச் செறிவு குறிக்கப்பட்டது. ஆயின், பாலின் மேலுள்ள நுரையும், வெப்பநிலையும், கலந்த நீரின் அளவும் இவ்வளவீட்டைப் பிறழச் செய்யக்கூடியவை. சிறு மாதிரியை உறையவைத்து உலர்த்தி நிறுத்துப் பார்ப்பதே துல்லியமான முறை.

இங்குதான் வரலாற்று வினா எழுகிறது. அக்கோட்டைப் படித்தவர் யார்? பதிவேட்டில் எண்ணை எழுதியவர் யார்? கொண்டுவந்த பாலின் அளவுக்கேற்பக் கூலியோ மிகையூதியமோ கணக்கிடப்பட்ட தோட்டங்களில், அவ்வெண்ணே ஒரு குடும்பத்தின் வருவாயை முடிவு செய்தது. முறைகள் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டிருப்பினும், அளவிடும் கருவி கிராணியின் கையிலும் அளக்கப்படும் பால் தொழிலாளியின் கையிலும் இருந்த நிலை பொதுவானது. மானி கூறுவது சரியா எனக் கேட்க வேண்டுமாயின், அது எவ்வாறு இயங்குகிறது எனத் தெரிந்திருத்தல் வேண்டும். ஆகவே செறிவு என்பது தோட்டத்தில் அறிவியற் கருத்தாக மட்டுமன்றி, அதிகாரத்தின் எல்லைக்கோடாகவும் விளங்கிற்று எனலாம்.

1925ஆம் ஆண்டில் மலாயா இரப்பர் ஆய்வுக்கழகம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் ஆய்வுத்தோட்டம் கோலா சிலாங்கூருக்கு அணித்தாகிய சுங்கை பூலோவில் அமைந்தது. இரப்பர்த் தகடுகளைக் கண்ணால் பார்த்துத் தரம்பிரிக்கும் பழைய முறைக்கு மாற்றாக, 1965இல் அழுக்கு, சாம்பல், நைட்ரசன் முதலியவற்றின் அளவைக் கொண்டு தரம் கூறும் மலேசியத் தர இரப்பர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தரக்கட்டுப்பாட்டில் இது பெரும் முன்னேற்றமே. அதேவேளையில், தகட்டை வெளிச்சத்தில் பிடித்துக் குறை கண்ட அனுபவக் கண்ணின் மதிப்பு அதனால் குறைந்ததும் உண்மையே.

வினைவேகம்: செம்பனைக் குலையின் நேரம்

இரப்பரில் செறிவு எத்தகையதோ, செம்பனையில் நேரம் அத்தகையது. செம்பனைப் பழத்தின் சதையில் எண்ணெயும், அதனைச் சிதைக்கும் நொதியும் ஒருங்கே உள்ளன. பழம் அடிபடாதவரை இவை பெரிதும் பிரிந்தே இருக்கும். குலை வெட்டுண்டு விழுந்து நசுங்கியதும் நொதி எண்ணெயோடு கலந்து, நீரின் துணையால் அதனைக் கொழுப்பமிலமாகப் பிரிக்கத் தொடங்குகிறது. கட்டற்ற கொழுப்பமிலம் மிகுந்த எண்ணெய் விலை குறைந்தது. வணிகத்தில் கச்சா எண்ணெய்க்கு 5 விழுக்காடு உச்சவரம்பாகக் கொள்ளப்படுகிறது.

எனவேதான் வெட்டிய குலை அன்றே ஆலைக்குச் செல்ல வேண்டும் என்னும் விரைவு. ஆலையில் குலைகள் முதலில் நீராவியில் வேகவைக்கப்படுவது பழத்தைக் காம்பிலிருந்து உதிர்ப்பதற்கு மட்டுமன்று; வெப்பத்தால் நொதியை அழித்து வினையை நிறுத்துவதற்குமாம். வினை எவ்வளவு விரைவாக நிகழ்கிறது, எதனால் தூண்டப்படுகிறது, எதனால் நிற்கிறது என்னும் மூன்று வினாக்களும் வினைவேகம் என்னும் பாடத்தின் சாரம். குலையைக் கீழே எறியாமல் அடுக்கவும், பழுத்த பதமறிந்து வெட்டவும், உதிரிப் பழங்களைக் காலந்தாழ்த்தாமல் பொறுக்கவும் தொழிலாளர் பணிக்கப்பட்டனர். கட்டளை அவர்களுக்குக் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

பெயரும் பள்ளியும்

இக்காரணங்களைத் தமிழில் கூற இயலாது என்பதன்று குறை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீனின் முயற்சியால், 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் 1875இலேயே தமிழில் வெளிவந்துவிட்டது. 1916இல் சேலத்தில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்குவதற்கெனவே ஒரு சங்கம் தோன்றிற்று. அம்முயற்சியில் முன்னின்ற இராசாசி பின்னர் 'திண்ணை ரசாயனம்' என்னும் எளிய நூலையும் எழுதினார். சொல்லும் நூலும் தமிழில் இருந்தன. ஆனால், அவை தோட்டத்தை வந்தடைவதற்கான வழி அமையவில்லை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டும் என விதித்தது. அவ்வாறு தோன்றிய பள்ளிகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்டன. பள்ளிக்குக் கூப்பிடு தொலைவில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான லிட்டர் கூழ்மம் உறைந்துகொண்டிருந்தது. பள்ளிப் பாடத்திலோ அது இடம்பெறவில்லை. இன்றும் தமிழ்ப்பள்ளி தொடக்கநிலையோடு முடிவுறுவதால், வேதியியலைத் தனிப்பாடமாகப் பயிலும் மாணவர் அதனை வேறு மொழியிலேயே பயில்கின்றனர்.

2003இல் அறிவியலும் கணிதமும் தொடக்கப்பள்ளியிலேயே ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2016 முதல் இருமொழித் திட்டம் குறித்து எழுந்த விவாதமும் இதன் தொடர்ச்சியே. இவ்விவாதங்களில் தமிழில் அறிவியல் கற்பது உணர்ச்சியைச் சார்ந்த கோரிக்கையாகவே பெரிதும் பேசப்பட்டது. ஆனால், வேதியியலின் முதற் கருத்துகளைத் தமிழ்ச் சொற்களோடு இரண்டு மூன்று தலைமுறை கையாண்ட சமூகம் இது என்னும் வரலாற்றுச் சான்று அவ்விவாதங்களில் உரிய இடம் பெற்றிருத்தல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. கோலா சிலாங்கூர்த் தோட்டங்களில் அமிலமும் காரமும், செறிவும் வினைவேகமும் நூலறிவாக வருவதற்கு முன்னரே தொழிலறிவாக வாழ்ந்தன. அத்தொழிலறிவைப் பால், உறை, கட்டிப்பால், ஒட்டுப்பால் என்னும் தமிழ்ச் சொற்கள் தாங்கி நின்றன. எனினும், அளவீடும் விளக்கமும் நிருவாகத்தின் வசமே இருந்தமையால், தன் உழைப்பின் மதிப்பைத் தானே கணக்கிட்டுக் கேட்கும் ஆற்றல் தொழிலாளிக்கு வாய்க்கவில்லை. வேதியியலின் ஓர் அடிப்படைக் கருத்தை அறிதலும் அறியாமையும் கூலியில் எதிரொலித்தன.

இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும், பின்னர் வீடமைப்புக்கும் இடம்விட்டன. மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். பால் வெட்டியவர்களும் அமிலம் கலந்தவர்களும் முதுமை எய்திவிட்டனர். அவர்களின் தொழிற்சொற்களையும் செய்முறைகளையும் ஊர்வாரியாகத் தொகுப்பது நம் துறையினரின் உடனடிக் கடமையாகும். அத்தொகுப்பு மொழியாய்வுக்கும் சமூக வரலாற்றுக்கும் மட்டுமன்றி, வகுப்பறைக்கும் பயன்படும். அமிலம் என்றால் என்ன என்று கேட்கும் மாணவனுக்கு, லிட்மஸ் தாளோடு சேர்த்துத் தன் பாட்டியின் பால் தொட்டியையும் காட்ட இயலுமாயின், அப்பாடம் அவனுக்கு அயலாகத் தோன்றாது.