இரண்டு முறை பிறந்த பூங்கா

கேரளத்தின் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா இரண்டு முறை பிறந்தது. முதல் பிறப்பு 1980இல், இரண்டாவது 1984இல். முதல் முறை பிறந்தபோது அதற்கு உயிர்நிலையே இல்லை.

நீலகிரி மேட்டுநிலத்தின் தென்மேற்கு விளிம்பில், பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது இந்த மழைக்காடு. நடுவே குந்திப்புழை ஓடுகிறது. ஆறு குறுகும் சைரந்திரியில் அணை கட்டலாம் என்ற யோசனை வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது. 1973இல் திட்டக்குழு ஒப்புதல் தந்தது. 120 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும். 830 ஹெக்டேர் நீரில் மூழ்கும்.

மூழ்கவிருந்த பள்ளத்தாக்கில்தான் சிங்கவால் குரங்குகளின் பாடு நடந்துகொண்டிருந்தது. இந்தக் குரங்கு தரைக்கு இறங்குவது அபூர்வம். உண்பது, உறங்குவது, குட்டியை வளர்ப்பது எல்லாம் மரத்தின் மேலேதான். அதற்குப் படியளப்பது வெடிப்பலா. கிளையை ஒட்டியே கொத்துக்கொத்தாகப் பூத்து, முள்முள்ளாகக் காய்க்கும் மரம். பூவின் சதைப்பகுதியைத் தின்னும் குரங்கு, பிறகு காயைப் பிளந்து விதையையும் எடுத்துக்கொள்ளும். கிளைக்குக் கிளை தொடர்ந்து போகும் காட்டின் நடுவே நீர் நின்றால், கூட்டங்கள் அக்கரை இக்கரை என்று பிரிந்துவிடும்.

1976இல் மத்திய அரசு அமைத்த குழு திட்டத்தைக் கைவிடச் சொன்னது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கட்டியே தீர வேண்டுமென்றால் இன்னின்ன செய்யுங்கள் என்று 17 பாதுகாப்பு விதிகளையும் சேர்த்தது. மாநில அரசு அந்த விதிகளைப் பிடித்துக்கொண்டது. கைவிடச் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

எதிர்ப்பு என்றால் சுகதகுமாரி போன்ற கவிஞர்களின் குரல்தான் இன்று பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதே அளவு வலுவாக நின்றது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் 1979இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத்தோடு பொறியாளர்களும் பொருளியலாளரும் உட்கார்ந்து எழுதியது. மலபாரின் மின்பற்றாக்குறைக்கு இந்த அணைதான் வழியா என்று மின்வாரியத்தின் கணக்கையே எடுத்துப்போட்டுக் கேட்டார்கள். காடா, கரண்டா என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே தப்பு என்று புரிந்தது.

நெருக்கடி முற்றியதும், 1980 டிசம்பரில் கேரள அரசு தேசியப் பூங்காவை அறிவித்தது. ஆனால் அணைக்கான பகுதியை அதிலிருந்து விலக்கி வைத்தது. கருவறையை வெளியே விட்டுவிட்டுக் கோயிலுக்கு மதில் கட்டிய கதைதான். இயற்பியலாளர் எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழு மறுபடி ஆராய்ந்த பிறகு, 1983இல் அணைத்திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று விடுபட்ட பகுதியும் சேர்ந்து 89.52 சதுர கிலோமீட்டர் பூங்காவானது. திட்டத்தை நிறுத்துவதில் முக்கியப் பங்கு வகித்த இந்திரா காந்தி அதற்கு இரண்டு வாரம் முன்புதான் கொல்லப்பட்டிருந்தார். 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி பூங்காவைத் திறந்துவைத்தார்.

கதை அதோடு முடியவில்லை. 2000க்குப் பிறகு பூங்கா எல்லைக்குச் சற்றே கீழே, பாத்திரக்கடவில் வேறொரு அணைத்திட்டம் வந்தது. பதிலுக்கு 2007இல் 148 சதுர கிலோமீட்டர் பஃபர் ஜோன் உருவானது. பூங்கா என்று அறிவிப்பு வந்தால் கைதட்டும் முன் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். எது உள்ளே என்பதைவிட, எதை வெளியே விட்டிருக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.