கைவினைப் பொருட்களுக்கான இணையச் சந்தை

கைவினைப் பொருட்களுக்கான இணையச் சந்தை என்பது நகை, துணிப்பொருள், மட்பாண்டம், மரவேலை முதலியவற்றைக் கையால் செய்தவரே வாங்குபவருக்கு நேரடியாக விற்பதற்கு இடமளிக்கும் இணையத்தளம் ஆகும். தளத்தை நடத்தும் நிறுவனம் பொருட்களை வாங்கி இருப்பு வைப்பதில்லை. கடைப் பக்கம், தேடல் வசதி, பணம் பெறும் வசதி ஆகியவற்றை அளித்து அவற்றுக்குக் கட்டணம் பெறுகிறது. இவ்வகைச் சந்தைகளுள் மிகப் பெரியது அமெரிக்காவின் எட்சி ஆகும். அமேசான் நிறுவனம் 2015 அக்டோபரில் தொடங்கிய கைவினைப் பிரிவும், பிரித்தானியாவின் போக்சியும், 2018-இல் மூடப்பட்ட செருமனியின் டவாண்டாவும் குறிப்பிடத்தக்க பிற சந்தைகள்.

எந்தச் சந்தையில் கடை திறப்பது என்னும் தெரிவு, கைவினைஞருக்கு மிஞ்சும் வருவாயை மட்டுமன்றி, அவருடைய கடை யாருடைய விதிகளுக்கு உட்பட்டு நடக்கும் என்பதையும் முடிவு செய்கிறது.

தோற்றம்

1995-இல் தொடங்கப்பட்ட ஈபே போன்ற பொதுச் சந்தைகளில் கைவினைப் பொருட்களும் விற்கப்பட்டன. எனினும், ஆலைப் பொருட்களின் பெருக்கத்தில் அவை கண்ணில் படுவது அரிதாக இருந்தது. 2005 சூனில் ராப் கேலின், கிறிசு மாகுவயர், ஐம் சாப்பிக் ஆகியோர் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் எட்சியைத் தொடங்கினர். கேலின் மரவேலையில் ஈடுபாடு கொண்டவர். எட்சி என்ற பெயருக்குப் பொருள் ஏதுமில்லை. இத்தாலியத் திரைப்படம் ஒன்றில் காதில் விழுந்த ஒலியிலிருந்து அதை அமைத்ததாக அவர் கூறியுள்ளார். நிறுவனம் 2015 ஏப்ரலில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. சமூகப் பொறுப்புக்காக 2012-இல் பெற்றிருந்த பி-கார்ப் சான்றினை 2017-இல் கைவிட்டது.

'கையால் செய்தது' என்பதன் வரையறை

தொடக்கத்தில் எட்சியில் மூவகைப் பொருட்களே விற்கப்பட்டன: விற்பவர் தாமே செய்தவை, குறைந்தது 20 ஆண்டுகள் பழமையானவை, கைவினைக்கு வேண்டிய மூலப்பொருட்கள். கடை வளர்ந்து தனி ஒருவரால் செய்து முடிக்க இயலாத நிலையை அடைந்தவர்களுக்கு இது இடையூறாக இருந்தது. 2013 அக்டோபரில் விதிகள் தளர்த்தப்பட்டன. விற்பவர் பணியாளர்களை அமர்த்திக்கொள்ளலாம், தாம் வடிவமைத்ததை ஒப்புதல் பெற்று வெளியார் உற்பத்தியகத்தில் செய்விக்கலாம் என்றாயிற்று.

இதன் விளைவு இருமுகமானது. வளர்ந்த கடைகள் பயனடைந்தன. ஆனால் சக்கரத்தில் வனைந்து சூளையில் சுட்ட குவளையும், ஆலைக் குவளை மீது படம் அச்சிட்டதும் ஒரே தேடல் பக்கத்தில் அருகருகே தோன்றின. விலையில் முன்னது பின்னதோடு போட்டியிட இயலாது. 2024 சூலையில் எட்சி, பொருளில் விற்பவரின் பங்கு என்ன என்பதை, செய்தது, வடிவமைத்தது, தேர்ந்தெடுத்தது, மூலப்பொருளாகத் தருவது என வகைப்படுத்திக் காட்டத் தொடங்கியது. அமேசான் கைவினைப் பிரிவில் சேர முன்கூட்டியே விண்ணப்பித்து, செய்முறையை விளக்கி ஒப்புதல் பெற வேண்டும்.

கட்டணங்கள்

அறிவிக்கப்படும் விழுக்காட்டை மட்டும் கொண்டு சந்தைகளை ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். எட்சியில் ஒரு பொருளை நான்கு மாதங்களுக்குப் பட்டியலிட 0.20 டாலர்; விற்றால் அனுப்பும் செலவையும் சேர்த்த தொகையில் 6.5 விழுக்காடு, அமெரிக்க விற்பனையாளராயின் பணம் பெறும் வசதிக்கு 3 விழுக்காடும் 0.25 டாலரும்.

எடுத்துக்காட்டாக, 20 டாலர் விலையுள்ள பொருளை 5 டாலர் அனுப்பும் செலவுடன் விற்றால், 0.20, 1.63, 1.00 எனக் கட்டணம் ஏறத்தாழ 2.83 டாலர் ஆகும். எட்சி வெளித்தளங்களில் இடும் விளம்பரத்தைச் சொடுக்கியவர் 30 நாட்களுக்குள் வாங்கினால் மேலும் 15 விழுக்காடு, அதாவது 3.75 டாலர் கழிக்கப்படும், மொத்தம் 6.58 டாலர். ஓராண்டில் 10,000 டாலருக்கு மேல் விற்றவருக்கு இவ்விழுக்காடு 12 ஆகக் குறைகிறது. ஆனால் அவர் இவ்விளம்பரத்திலிருந்து விலக இயலாது. அமேசான் கைவினைப் பிரிவின் கட்டணம் 15 விழுக்காடு. அதே விற்பனைக்கு அது 3.75 டாலர். முதற்பார்வையில் கூடுதலாகத் தோன்றும் இத்தொகை, எட்சியில் விளம்பரம் வழியாக நிகழும் விற்பனையோடு ஒப்பிடக் குறைவே. மூலப்பொருளும் உழைப்பும் எஞ்சிய தொகையிலிருந்தே ஈடுசெய்யப்பட வேண்டும்.

விற்பனையாளர் எதிர்ப்புகள்

எட்சியின் பரிமாற்றக் கட்டணம் 2018 சூலை வரை 3.5 விழுக்காடாகவும் அதன்பின் 5 விழுக்காடாகவும் இருந்தது. 2022 ஏப்ரல் 11 அன்று அது 6.5 ஆக உயர்ந்தபோது, விற்பனையாளரில் ஒரு பகுதியினர் ஒரு வாரம் தம் கடைகளை விடுமுறை நிலையில் வைத்து வேலைநிறுத்தம் செய்தனர். உயர்வு திரும்பப் பெறப்படவில்லை. தளத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர் இருக்கையில், சில ஆயிரம் கடைகள் மூடியிருப்பது வாங்குபவரின் கண்ணில் படுவதில்லை. 2023-இல் சில கடைகளின் விற்பனைத் தொகையில் 75 விழுக்காடு வரை 45 நாட்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த பொருளுக்கு மூலப்பொருள் வாங்கப் பணமில்லாமற் போனதாகப் பலர் முறையிட்டனர். எதிர்ப்புக்குப் பின் பெரும்பாலோருக்கு அவ்விழுக்காடு குறைக்கப்பட்டது.

சந்தை மூடப்படுதல்

பெர்லினில் 2006-இல் தொடங்கப்பட்ட டவாண்டா, செருமன் மொழி பேசும் நாடுகளில் எட்சிக்கு ஈடாக விளங்கியது. 2018 ஆகத்து 30 அன்று அது மூடப்பட்டது. கடைகளை எட்சிக்கு மாற்றிக்கொள்ளுமாறு அந்நிறுவனமே விற்பனையாளருக்குப் பரிந்துரைத்தது. சிறிய உள்நாட்டுச் சந்தையை விரும்பித் தேர்ந்தவர்கள், தாம் தவிர்த்த பெரிய சந்தைக்கே செல்ல நேர்ந்தது.

இக்காரணத்தால் சந்தையில் கடை வைத்திருப்பவர் பலர், சொந்தத் தளமொன்றையும் வைத்துக்கொள்கின்றனர். 2005-இல் தொடங்கிய பிக் கார்ட்டெல் ஐந்து பொருட்கள் வரை கட்டணமின்றி விற்க இடமளிக்கிறது. சாப்பிஃபை மாதக் கட்டணம் பெறுகிறது. இவற்றில் வாங்குபவரைத் தேடிக் கொண்டுவரும் வேலை முழுவதும் விற்பவருடையது. சந்தையில் வாங்கியவரின் மின்னஞ்சல் முகவரியை அவர் இசைவின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்த எட்சியின் விதிகள் இடந்தருவதில்லை. ஆதலால், பொதியுடன் கடையின் பெயரும் சொந்தத் தள முகவரியும் அச்சிட்ட சிறு அட்டையை வைத்து அனுப்புவோரும் உளர்.