கால்வானிய சமநிலைத் தூண்டல்

கால்வானிய சமநிலைத் தூண்டல் என்பது இரு காதுகளுக்கும் பின்னுள்ள எலும்பின் மேல், தோலில் மின்வாய்களை ஒட்டிச் சிறிதளவு மின்னோட்டம் செலுத்தி, மனிதரின் சமநிலைப் புலனை ஆராயும் முறையாகும். பெரும்பாலும் ஒரு மில்லியாம்பியர் அளவிலான மின்னோட்டமே போதுமானது.

தேவை

உட்காதிலுள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியையும், இரண்டு செவிக்கல் உறுப்புகள் சாய்வையும் நேர்கோட்டு முடுக்கத்தையும் உணர்கின்றன. ஆயினும் கண், பாதம், தசை ஆகியவை தரும் செய்திகளையும் மூளை சேர்த்தே சமநிலையைக் காக்கிறது. பாம்பன் கடலில் வள்ளத்தில் நிற்பவரை எடுத்துக்கொள்வோம். அலை வள்ளத்தைச் சாய்க்கும்போது இவை அனைத்தும் ஒருசேர மாற்றத்தை அறிகின்றன. அவர் விழாமல் நின்றதில் உட்காதின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. மின்தூண்டலிலோ தரை அசைவதில்லை, காட்சி மாறுவதில்லை. உட்காதின் நரம்பு மட்டும் பொய்ச்செய்தி அனுப்புகிறது. இம்முறையின் சிறப்பு இதுவே.

செயற்படும் விதம்

சமநிலை நரம்பிழைகள் ஓய்விலும் இடைவிடாது துடிப்புகளை அனுப்புகின்றன. எதிர்மின்வாய் உள்ள பக்கத்தில் துடிப்பு வீதம் கூடுகிறது. நேர்மின்வாய்ப் பக்கத்தில் குறைகிறது. உடல் எதிர்மின்வாய்ப் பக்கம் சாய்வதாக மூளை கருதுகிறது. அதை ஈடுசெய்ய முயல்வதால், கண்மூடி நிற்பவர் நேர்மின்வாய்ப் பக்கம் சாய்கிறார். அவர் முகத்தைத் தோள்பக்கம் திருப்பினால் சாய்வு பக்கவாட்டில் அன்றி முன்பின்னாக நிகழும். அமர்ந்திருப்பவரின் கால் தசைகளில் இவ்விளைவு மறைகிறது. கையால் ஒன்றைப் பற்றி நிலைகாப்பவரின் கைத்தசைகளில் அது தோன்றுகிறது. எனவே இது முழங்காலைத் தட்டினால் கால் உதைப்பது போன்ற எளிய அனிச்சைச் செயல் அன்று. அவ்வேளையில் உடலைத் தாங்கும் தசைகள் எவையோ, அவற்றுக்கே கட்டளை செல்கிறது.

வரலாறு

வோல்ட்டா தாம் அமைத்த மின்னடுக்கைத் தம் காதுகளுடன் இணைத்து, தலையில் அதிர்ச்சியையும் கொதிப்பது போன்ற ஒலியையும் உணர்ந்ததாக 1800இல் எழுதினார். தலைவழியே செல்லும் மின்னோட்டம் தலைசுற்றலை உண்டாக்குவதை 1820இல் புர்க்கின்யே விவரித்தார். அரைவட்டக் குழல்களின் பணி 1870களில்தான் தெளிவாயிற்று. அதைத் தெளிவாக்கியோருள் ஒருவரான யோசப் புரோயர், பின்னாளில் பிராய்டுடன் இணைந்து நூல் எழுதியவர்.

வரம்புகளும் பயன்களும்

மின்னோட்டம் குழல்களையும் செவிக்கல் உறுப்புகளையும் ஒருங்கே தூண்டுவதால், ஒரு விளைவு எந்த உறுப்பால் நேர்ந்தது என்று கூறுவது கடினம். தோலின் மின்தடை மாறிக்கொண்டே இருக்கும். ஆகையால் மின்னோட்டத்தை மாறாது நிறுத்தும் கருவி இன்றியமையாதது. வீட்டில் மின்கலத்தைக் கொண்டு முயல்வது தீங்கானது. இதயமுடுக்கி, செவிச்சுருள் பதியம் பொருத்தப்பட்டோர் இவ்வாய்வுகளில் பொதுவாகச் சேர்க்கப்படுவதில்லை. விண்வெளியிலிருந்து திரும்புவோரின் தள்ளாட்டத்தைத் தரையிலேயே போன்மிக்க இம்முறை பயன்பட்டுள்ளது. உணரவியலாத அளவு மெல்லிய, ஒழுங்கற்ற மின்னோட்டம் பார்க்கின்சன் நோயாளரின் நிலைத்தன்மையை மேம்படுத்துமா என்பதும் ஆராயப்படுகிறது. அது இன்னும் வழக்கமான மருத்துவமாக ஏற்கப்படவில்லை.